ஒரே வீட்டுல ரெண்டு இனம்

சென்சஸ் பேச்சு வந்தாலே, இலங்கையில தேயிலத் தோட்டத்துக்குன்னு இந்தியாவுல இருந்து வந்த நம்ம ஆளுங்களுக்குள்ள, இனம்ங்குற எடத்துல என்ன எழுதுறதுன்னு சண்ட கெளம்பிரும். இந்தியத் தமிழரா, இந்திய வம்சாவளியா, மலையகத் தமிழரா, இல்ல பேசாம இலங்கைத் தமிழர்னு போட்டுட்டு போயிரலாமா. ஹட்டன் டவுன்ல ஒரு அண்ணன் எங்கிட்ட நேராவே கேட்டாரு, பேர மாத்துனா தேயிலக் கொழுந்துக்கு கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடுமாடான்னு. கூடாதுதான். ஆனா எங்களுக்கு வச்ச பேரால எங்க கிட்ட இருந்து எவ்வளவு போச்சுன்னு பாத்தா இத சும்மா விட முடியல.

1911 சென்சஸ்லதான் இலங்கைத் தமிழர் வேற, இந்தியத் தமிழர் வேறன்னு பிரிச்சு எழுத ஆரம்பிச்சாங்க. அப்ப அது வெள்ளக்காரன் கணக்கு. 1948 ல 18 ஆம் இலக்க குடியுரிமைச் சட்டம் வந்திச்சு, அதுல எங்க பேரு எங்கயுமே இல்ல, ஆனா அப்பன், இல்லன்னா பாட்டனும் பூட்டனும் இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி காட்டுன்னு கேட்டா தோட்டத்து லயன் வீட்டுல பொறந்தவன் எத காட்டுவான், செக்ரோல்ங்குற தோட்டத்துப் பேர்ப் பதிவுல இருக்குற பேரத் தவிர எங்க பாட்டன்மாருக்கு என்ன கடதாசி இருந்திச்சு? அப்படித்தான் எங்க ஆளுங்க நாடில்லாதவங்களா ஆனாங்க. அப்புறம் 1964 ல ரெண்டு நாட்டுப் பிரதமரும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க, மிச்சம் ஒன்றர லச்சத்த 1974 ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. இதுல ஒருத்தர் கிட்டயும் உனக்கு எங்க இருக்க ஆசன்னு மனசு வச்சு கேக்கல. கப்பலேறி போனவங்கள கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்னைக்கும் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க. இங்க இந்தியாக்காரன், அங்க சிலோன்காரன், இதுல எங்களுக்கு சொந்தமா எது?

அதுனாலதான் மலையகம்ங்குற பேருல எனக்கு இவ்வளவு பிடிப்பு. அது மேல இருந்து வந்த பேரில்ல. 60கள்ல ஹட்டன் ஹைலன்ஸ் காலேஜ்ல இர. சிவலிங்கம் மாஸ்டரும் அவர் கிட்ட படிச்ச பொடியன்மாரும் ஊர் ஊரா கூட்டம் போட்டு பேசிப் பேசி பரப்புன பேரு. 1939 ல அமைப்பு தொடங்கும்போது இலங்கை இந்தியன் காங்கிரஸ்னு வச்சவங்களே பின்னாடி அந்த இந்தியன எடுத்துட்டு தொழிலாளர் காங்கிரஸ்னு மாத்துனாங்க, 1989 ல சந்திரசேகரன் கட்சி தொடங்கும்போது பேருலயே மலையக மக்கள்னு போட்டுட்டாரு. 2023 ல நாங்க இங்க வந்து 200 வருசம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்து வந்தப்ப எல்லாரும் பேனர்ல போட்டதும் இதுதான்.

ஆனா 2024 கடைசில எங்க வீட்டுக்கு கணக்கெடுக்க வந்தப்ப நடந்தத சொல்லணும். வந்தது ஒரு டீச்சர், நல்ல பிள்ள, பொறுமையா கேட்டாங்க. பெரியப்பா ஒடனே, "இலங்கைத் தமிழர்னு போடும்மா"ன்னாரு. தங்கச்சி விடல, "ஏன் பெரியப்பா, நம்ம மலையகத் தமிழர்தானே". அவரு அவள பாத்து, "இந்தியாங்குற எழுத்து ஒன்னு இருந்தாப் போதும், நாளைக்கே ஒன் ஊருக்கு போடான்னுவான். 83 கலவரத்தப்ப நீ பொறக்கவே இல்ல". அந்த டீச்சரும் மெதுவா சொன்னாங்க, ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கு ஐயா, இந்தியத் தமிழர் அப்புறம் ஒரு சாய்வுக்கோடு அப்புறம் மலையகத் தமிழர்னு. பெரியப்பா மாறவே இல்ல. அவருக்கு இலங்கைத் தமிழர், தங்கச்சிக்கு மத்தது.

இப்ப கணக்கப் பாருங்க. 2012 ல நாங்க 8,39,504 பேர், நூத்துக்கு 4.1. 2024 ல 2.8. இத்தன பேர் எங்க போனாங்க? ஊரவிட்டு போனவங்க, பிள்ளைங்க கொறஞ்சது எல்லாம் இருக்கும், ஆனா பெரியப்பா மாதிரி எழுதுனவங்கதான் நெறயன்னு நான் நெனைக்கிறேன். இவங்கள வெக்கம் கெட்டவங்க, அடையாளத்த வித்துட்டாங்கன்னு பேசுறத கேட்டா எனக்கு கோவம் வருது. கள்ளத்தோணின்னும் தோட்டக்காட்டான்னும் ஸ்கூல் ஹொஸ்டல்ல நானே கேட்டு வளந்தவன்தான், அதச் சொன்னது தமிழ் பொடியன்மாருதான். பயந்தவன ஏசுறதுக்கு முன்னாடி பயப்படுத்துனவன ஏசணும்.

அதுக்காக கணக்கு கொறஞ்சா கொறயட்டும்னு இருக்கவும் முடியாது. 2018 ல சட்டத்த திருத்துற வரைக்கும் பிரதேச சபைங்குற உள்ளூராட்சிக் காச தோட்டத்துக்குள்ள செலவழிக்கக்கூட வழி இல்லாம கெடந்தவங்க நாங்க. காணி, வீடு, புது பிரதேச செயலகம், டீச்சர் போஸ்டிங்னு எத கேட்டாலும் மொதல்ல எத்தன பேருன்னுதான் கேப்பாங்க.

தெனியாய, ரத்தினபுரி, கிளிநொச்சில இருக்குற நம்ம ஆளுங்க, நாங்க மலையிலயே இல்லையே எங்களுக்கு எதுக்கு அந்தப் பேருன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். 58, 77, 83 கலவரங்கள்ல அடிபட்டு வடக்குல வன்னிக்கு போன குடும்பத்துக்கு அங்க இலங்கைத் தமிழர்னு எழுதணும்னு தோணுனா எழுதட்டும், யாரும் தடுக்கக்கூடாது. ஒரே பேருக்குள்ள எல்லாரையும் பிடிச்சுத் தள்ளுறதும் 1911 ல செஞ்ச வேலதான்.

அடுத்த சென்சஸுக்கு முன்னாடி நம்ம எம்பிமாரு கேக்க வேண்டியது ஒன்னுதான். அந்தச் சாய்வுக்கோட்ட எடுங்க. கொழும்புல வியாபாரம் பண்ற, இந்தியத் தமிழர்னே சொல்லிக்க விரும்புற குடும்பங்களுக்கு அது தனியா இருக்கட்டும், மலையகத் தமிழர்னு எங்களுக்கு ஒரு கட்டம் தனியா வேணும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துல இனம்னு கேக்குற எடத்துலயும் அதே மாதிரி. இந்தியாங்குற எழுத்து பக்கத்துலயே இல்லன்னா பெரியப்பா அதுல போட சம்மதிப்பேன்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்காரு.