கிளைம் வேறு, ஸ்டிரைக் வேறு

யூடியூபிலிருந்து ஒரு மெயில் வந்ததும் பயந்துபோய் வீடியோவையே அழித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை. சிங்கப்பூரில், ஈசூனில் வீட்டிலிருந்தபடியே நம் ஆட்கள் சிலருடைய சேனல்களுக்கு எடிட்டிங் செய்துகொடுக்கிறேன். சமையல் சேனல் நடத்தும் அத்தை, உறுமி மேளக் குழுத் தம்பிகள், திருவிழாக்களைப் படம் பிடிக்கும் ஓர் அண்ணன். எல்லாரும் வேலை முடிந்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு செய்கிறவர்கள். விதி புரியாமல் அந்த உழைப்பு வீணாகக் கூடாது.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு உறுமிக் குழுத் தம்பி போன் செய்தான். "அக்கா, ஸ்டிரைக் வந்துருச்சு. சேனல் போயிரும் போல. எல்லாத்தையும் டெலிட் பண்ணிரட்டா?" கையை எடு, எதையும் தொடாதே என்றேன். சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தால், வீடியோ பட்டியலில் அந்த ஒரு வீடியோவுக்கு நேராக 'காப்பிரைட்' என்று மட்டும் இருந்தது. அதன்மேல் அழுத்தினால் பாட்டின் பெயர், உரிமை கேட்ட நிறுவனத்தின் பெயர், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்பதெல்லாம் வந்தது. சேனலுக்குப் பாதிப்பு இல்லை என்றும் அங்கேயே எழுதியிருந்தது.

அது கிளைம், அதாவது 'இந்தப் பாட்டு எங்களுடையது' என்ற உரிமைக் கோரல். சேனலுக்கு விழும் தண்டனைப் புள்ளியான ஸ்டிரைக் இல்லை. கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு 2007-இலிருந்து இருக்கிறது. உரிமையாளர்கள் கொடுத்துவைத்த பாட்டுகளோடும் படங்களோடும் நம் வீடியோவை அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பெரும்பாலும் வீடியோ அப்படியே ஓடும், விளம்பரப் பணம் மட்டும் உரிமையாளருக்குப் போகும். சில நேரம் சில நாடுகளில் தெரியாது. ஸ்டிரைக் விழாது.

தம்பிகள் அந்த வீடியோவில் இரண்டு உருப்படி வாசித்திருந்தார்கள். ஒன்று சினிமாப் பாட்டு மெட்டு. "நாங்களே வாசிச்சதுதானே அக்கா" என்று கேட்டான். ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டு இசையமைத்தவருடையதும் அதை வாங்கியவருடையதும். அந்தக் கிளைம் நியாயம், விட்டுவிடலாம். வேண்டாமென்றால் ஸ்டூடியோவிலேயே அந்தப் பகுதியை மட்டும் வெட்டவோ ஒலியை அடக்கவோ முடியும். இன்னொன்று, யார் கட்டினது என்றே தெரியாமல் தலைமுறையாக வந்த காவடிச் சிந்து. ஏதோ ஒரு நிறுவனம் தன் கேசட்டில் அதைப் பாடிவைத்திருந்ததால் அதற்கும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். அதற்கு டிஸ்பியூட், அதாவது ஆட்சேபம், போட்டோம். எங்கே பதிவு செய்தோம், யார் யார் வாசித்தார்கள், பாட்டு ஏன் பொதுவானது என்று நாலு வரி எழுதினோம். மறுதரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கிளைம் வந்த 5 நாளுக்குள் போட்டால், முதல் நாளிலிருந்தே விளம்பரப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, கடைசியில் யார் பக்கம் முடிகிறதோ அவர்களுக்குத் தருவார்கள். அந்த நிறுவனம் கிளைமை விலக்கிக்கொண்டது. ஒன்று சொல்ல வேண்டும்: நியாயமில்லாமல் டிஸ்பியூட் போட்டால், மறுதரப்பு வீடியோவை நீக்கச் சொல்லி முறையாக எழுதிக்கொடுக்கலாம். அப்போது நிஜமாகவே ஸ்டிரைக் விழும்.

காப்பிரைட் ஸ்டிரைக் என்றால் உரிமையாளர் சட்டப்படி கேட்டு வீடியோ இறங்கிவிட்டது என்று பொருள். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். ஸ்டிரைக் வந்தபிறகு வீடியோவை அழித்தால் ஸ்டிரைக் போகாது. யூடியூபின் காப்பிரைட் ஸ்கூல் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருக்கலாம். உரிமையாளரிடமே பேசி விலக்கிக்கொள்ளச் சொல்லலாம், பலரும் இதைச் செய்து பார்ப்பதே இல்லை. அல்லது வீடியோவை இறக்கியது தவறு என்று முறையாக எழுதி எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். அதில் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும், வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரம் காட்ட அவர்களுக்கு 10 அமெரிக்க வேலைநாள் இருக்கும். கோபத்தில் செய்கிற காரியம் இல்லை.

அப்புறம் அந்த "அடுத்தவர் பாட்டை முப்பது செகண்டு வரைக்கும் போடலாம்" கதை. அப்படி ஒரு விதி யூடியூபிலும் இல்லை, 2021 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த நம் சிங்கப்பூர்க் காப்பிரைட் சட்டத்திலும் இல்லை. நியாயமான பயன்பாடா என்று பார்க்கும்போது நோக்கம் என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அசலின் வியாபாரம் கெடுமா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கீழே 'நன்றி' போட்டாலும் அனுமதி வாங்கியதாக ஆகாது.

காப்பிரைட்டோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு கணக்கு, சமூக விதிமுறைகள். யூடியூபில் எதைப் போடக் கூடாது என்று சொல்கிற விதிகள். அத்தைக்கு வந்தது இதுதான். முறுக்கு சுடும் வீடியோவில் என்ன விதிமீறல் என்று திகைத்துப்போனார். வீடியோவில் ஒன்றுமில்லை. கீழே விவரப் பகுதியில், உறவுக்காரப் பையன் ஒருவன் உதவி செய்கிறேன் என்று புதுப்படம் இலவசமாகப் பார்க்கும் ஒரு தளத்தின் இணைப்பைப் போட்டிருந்தான். இணைப்பும் உள்ளடக்கம்தான். திருட்டுத் தளத்துக்கு ஆள் அனுப்பினால் நீங்களே ஏற்றியது மாதிரிதான் பார்ப்பார்கள்.

முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு நின்றது. ஒரு சின்னப் பயிற்சி இருக்கிறது. சில சூழ்நிலைகளைக் காட்டி, இது சரியா தவறா என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல அத்தை தானே பதிலைத் தேர்ந்தெடுத்தார். பயிற்சி முடித்து, 90 நாளுக்குள் அதே விதியை மறுபடி மீறாவிட்டால் எச்சரிக்கை கழிந்துவிடும். மீறினால் ஸ்டிரைக். முதல் ஸ்டிரைக்குக்கு ஒரு வாரம் எதுவும் ஏற்ற முடியாது. அதே 90 நாளில் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம், மூன்றாவது வந்தால் சேனல் நிரந்தரமாக மூடப்படும். மிகக் கடுமையான மீறல் என்றால் இந்தப் படியெல்லாம் கிடையாது, நேராக மூடல்தான். முடக்கக் காலத்தில், முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த வீடியோக்களும் தனிப்பட்டவையாக மாறிவிடும், பிறகு நாம்தான் மறுபடி நேரம் குறிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் அப்படி நடந்தால் அத்தைக்கு அந்த வருஷமே போன மாதிரி.

அண்ணனுடைய தைப்பூச வீடியோக்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடப்பவர்களை அவர் எடுத்திருக்கும் விதம் அவ்வளவு அழகு. ஆனால் கன்னத்தில் அலகு ஏறும் காட்சியை நெருக்கத்தில் வைத்து, தம்ப்நெயில் என்ற முகப்புப் படத்திலும் அதையே போட்டு, 'அதிர்ச்சி' என்று தலைப்பு வைத்தால், பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கவே எடுத்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். விதி அதைத்தான் தடுக்கிறது. கல்வி, ஆவணம், கலை என்ற சூழலுக்கு இடம் உண்டு, ஆனால் அந்தச் சூழல் பெரும்பாலும் வீடியோவுக்குள்ளேயே கேட்கவோ தெரியவோ வேண்டும். அதனால் குத்துகிற நொடியை விட்டுவிட்டோம். விரதம், வேண்டுதல், கூட நடக்கும் குடும்பம் பற்றி அவர் குரலிலேயே சொல்லவைத்தோம். வேல் வேல் சத்தம் அப்படியே இருக்கிறது. வீடியோ முன்னைவிட நன்றாகவே வந்திருக்கிறது. பழைய ஒன்றுக்கு வயது வரம்பு வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் லாகின் செய்யாதவர்களும் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதுவும் ஸ்டிரைக் கிடையாது.

பேரப்பிள்ளைகளை லைவில் விடுகிறவர்களுக்கு ஒன்று: 2025 ஜூலை 22-இலிருந்து, தனியாக லைவ் செய்ய 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

ஸ்டிரைக் என்று சொல்லி மோசடி மெயிலும் வருகிறது. அதிலுள்ள கோப்பைத் திறந்தால் கணக்கே கைமாறிவிடும். மெயிலில் எதையும் அழுத்தாமல் ஸ்டூடியோவை நீங்களே திறந்து பாருங்கள். அங்கே தெரியாத தண்டனை தண்டனையே இல்லை. சந்தேகமாக இருந்தால் மோசடி பற்றிக் கேட்க இங்கே இருக்கும் 1799 ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

சமூக விதிமுறை ஸ்டிரைக்குக்கு அப்பீல் ஒரே ஒரு தடவைதான். "சின்ன சேனல், மன்னித்துவிடுங்கள்" என்று எழுதி அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். எந்த விதியைச் சொல்கிறார்கள், எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது, ஏன் அது மீறல் இல்லை என்று எழுதுங்கள். தமிழில் எழுதி எனக்கு அனுப்பினாலும் சரி, ராத்திரி எந்நேரமானாலும் படித்துத் திருத்தித் தருகிறேன்.