பச்சைக் கண்ணாடி மாஸ்ரர்

மாஸ்ரர் காலமான செய்தி வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு வந்து சற்று நேரம்கூட ஆகவில்லை. "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று யாரும் எழுத முந்தியே ஸ்காபரோவிலிருந்து ஒருவன் மூக்குக்கண்ணாடிப் படம் ஒன்றைப் போட்டான். பிறகு சிட்னியிலிருந்து இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் குழு முழுக்கக் கண்ணாடி. எல்லாரும் எழுபது கடந்தவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள், பாதிப் பேருக்குக் கண்ணில் கற்றறாக் வெட்டியாயிற்று. அவரவர் வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள்.

கல்லூரி மலர்க் குழுவினர் மாஸ்ரரைப் பற்றி என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். "கல்விப் பணி, ஒழுக்கம், எளிமை" என்று தலைப்பும் அவர்களே தந்தார்கள். அதை எழுத மாணவர் தலைவராக இருந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மாஸ்ரர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில்தான் முழுதாக வெளிப்படுவார். அந்த மணி அடிக்கும்வரை அவரும் மற்ற ஆசிரியர்களைப்போல ஒருவர்தான்.

1967ஆம் ஆண்டு, ஓலெவல் வகுப்பு. மற்றப் பாடமெல்லாம் தமிழுக்கு வந்துவிட்டது. ஆங்கில இலக்கியத்தை விரும்பி எடுத்தவர்கள் ஒரு வாங்குக்கும் கொஞ்சம் கூட. வெள்ளிக்கிழமைகளில் பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, சோதனைக்கு வராத ஒரு நாவலை எடுப்பார்: ஒலிவர் கோல்ட்ஸ்மித் எழுதிய 'தி விக்கர் ஒஃப் வேக்ஃபீல்ட்', 1766இல் வெளிவந்தது. அது அச்சுக்கு வந்த கதையை அவர் சொல்லும் விதமே தனி. வீட்டு வாடகை கொடுக்கவில்லை என்று வீட்டுக்காரி கோல்ட்ஸ்மித்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். ஆள் அனுப்பித் தன் நண்பர், எழுத்தாளர் டொக்டர் ஜோன்சனைக் கூப்பிடுகிறார். ஜோன்சன் வந்து மேசைக்குள் கிடந்த கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டுபோய் அறுபது பவுனுக்கு விற்று வாடகையைத் தீர்க்கிறார். "வீட்டுக்காரி இல்லாட்டி உலக இலக்கியத்திலை ஒரு புத்தகம் குறைஞ்சிருக்கும்" என்பார் மாஸ்ரர். அவரே வாடகை வீட்டில்தான் இருந்தார்.

ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசிப்பார். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே எங்கள் ஊர்த் தமிழில் சொல்லுவார். "போதகர் குதிரையை விக்கச் சொல்லி மோசசைச் சந்தைக்கு அனுப்பினவர். தாய்க்காரி சொல்லுறா, என்ரை பிள்ளை கெட்டிக்காரன், அவனை ஒருத்தரும் ஏமாத்தேலாது எண்டு. உவர் பெடியன் மூண்டு பவுண், அஞ்சு சிலிங், ரெண்டு பென்ஸுக்குக் குதிரையை வித்துப்போட்டு, அந்தக் காசுக்குப் பச்சைக் கண்ணாடி ஒரு குறோஸ் வாங்கிக்கொண்டு வாறார்! நூற்றிநாப்பத்தி நாலு கண்ணாடி! வெள்ளி விளிம்பு எண்டு சொல்லி வித்தவங்கள். தேச்சுப் பாத்தால் செம்பு." சாவகச்சேரிச் சந்தையில் நடந்ததுபோலவே இருக்கும். பிறகு தகப்பனே மற்றக் குதிரையைக் கொண்டுபோய் அதே ஏமாற்றுக்காரனிடம் கொடுத்துவிட்டு வருவார். அந்த இடத்தில் மாஸ்ரரால் வாசிக்கவே முடியாது. சிரிப்பில் நெற்றித் திருநீறு வியர்வையோடு இறங்கி மூக்குவரை வரும். பட்டப்பெயர் அன்றைக்கு வந்தது.

குதிரை வருவது பன்னிரண்டாம் அதிகாரத்தில். அதற்கு வெகு முன்னால் இரண்டாம் அதிகாரம் இருக்கிறது. என்னுடைய கதை அங்கேதான் நடந்தது.

அதற்கு எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா மலாயன் பென்சனியர். றெயில்வேயில் கிளாக்கராக இருந்த காலத்தில் அங்கே முழுக்கு ஞானஸ்நானக்காரரோடு பழகி, ஊருக்கு வரும்போது பென்சனோடு ஒரு கொள்கையையும் கொண்டுவந்தார். 1947இல் அமெரிக்க மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபைக்குள் போனபோது அப்பாவின் சொந்தக்காரர் எல்லாரும் அதோடு போனார்கள். அவர் போகவில்லை. அம்மா அங்கிலிக்கன். அக்கா மெதடிஸ்தக்காரரை முடித்து அந்தப் பக்கம். அப்பம்மா இவை ஒன்றிலும் சேராமல் வெள்ளிக்கு வெள்ளி நல்லூர்க் கந்தன் கோயில். பெரியண்ணை 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது பீக்கிங் பக்கம் நின்றவர், கடவுளே இல்லை என்பார். ஞாயிறு காலையில் எங்கள் படலையால் வெளியே வரும் சைக்கிள்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பும். இலங்கையில் சபைகளையெல்லாம் ஒன்றாக்கலாமா என்று ஆயர்மார் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்திருந்தால் வேளைக்கே கைவிட்டிருப்பார்கள்.

அப்பாவின் சாப்பாட்டு ஜெபம் முடிய மீன்குழம்பில் எண்ணெய் ஆடை கட்டிவிடும். அம்மா தன்னுடைய ஜெபத்தைப் புத்தகத்தில் உள்ளபடி மெல்லிய குரலில் இரண்டு வரியில் முடித்துக் கரண்டியை எடுத்திருப்பா. அண்ணை தொடக்கத்திலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் கடைக்குட்டி. ஒரு கண்ணைத் திறந்து ஒரு கண்ணை மூடி, எந்த ஆமெனுக்கு வாய் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கிறிஸ்தவப் பெடியங்களோடும் சேராமல், சைவப் பெடியங்களோடும் சேராமல், கடைசியில் யார் சிரிக்கிறார்களோ அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன்.

அப்பா ஒரு பிரசுரம் போட்டார். ஞானஸ்நானத்தில் தண்ணீரைத் தெளிப்பதா, ஆளை முழுக்குவதா என்ற விஷயம். 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை தொடங்கிய காலத்திலிருந்து, 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த காலத்திலிருந்து, யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரும் சைவரும் பிரசுரத்துக்குப் பிரசுரம் மறுப்பு எழுதிச் சண்டை பிடித்த மண் அல்லவா? அந்தப் போரில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று நம்பியவர். அவருடைய வாதத்தில் சரக்கு இல்லாமலும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவனுக்குத்தான் உத்தியோகம். ஊரே தோம்பு என்ற பதிவேட்டில் கிறிஸ்தவமாகி வீட்டில் சைவமாக இருந்தது, ஆங்கிலேயர் வந்ததும் கோயில்கள் திறபட்டன. "அவர்கள் தெளித்த தண்ணீர் வெயிலில் காய்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தாராம். விலை 25 சதம். அச்சடித்தது வண்ணார்பண்ணையில், ஒரு சைவக்காரரின் அச்சகம். அவருக்கு மட்டும்தான் அந்தப் பிரசுரத்தால் வருமானம். மிச்சக் கட்டுகள் என் கட்டிலுக்குக் கீழே வந்து சேர்ந்தன. பரிசளிப்பு விழா அன்று மலாயாக் கோட்டும் தொப்பியுமாக அப்பா கல்லூரி வாசலில் நின்றதை இந்த மலரை வாசிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

இப்போது இரண்டாம் அதிகாரம். போதகருக்கு ஒரு கொள்கைப் பித்து. ஒரு குருவானவர் மனைவி இறந்தபிறகு மறுமணம் செய்யக்கூடாது என்பது. அதைப் பற்றிச் சொந்தமாகப் பிரசுரங்கள் போடுகிறார். ஒன்றும் விலைபோகவில்லை. ஆகவே அவற்றைப் பாக்கியம் பெற்ற ஒருசிலர் மட்டுமே வாசிக்கிறார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறார். மாஸ்ரர் இதை வாசித்து, புத்தகத்தைக் கவிழ்த்து, தமிழில் சொல்லி முடிக்கவில்லை, பின்வாங்கிலிருந்து ஒருவன் என்னுடைய பெயரைச் சொன்னான். அவ்வளவுதான். வகுப்பு வெடித்தது. சுவரோடு ஒட்டியிருந்த வாங்கு ஆடிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. வழக்கம்போலச் சேர்ந்து சிரிக்கலாம் என்று நானும் வாயைத் திறந்தேன். வரவில்லை.

மாஸ்ரர் சத்தம் போடவில்லை. தோல் பையைத் திறந்து அப்பாவின் பிரசுரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நான் இருபத்தைஞ்சு சதம் குடுத்து வாங்கினனான். அந்த ஒருசிலரிலை நானும் ஒருத்தன். இஞ்சை வேறை ஆர் வாசிச்சனீங்கள்?" வகுப்பு அடங்கிப்போயிற்று.

அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை "ஒழுக்கம், எளிமை" என்றே எழுதியிருப்பேன். மணி அடித்ததும் என்னைக் கூப்பிட்டு, பிரசுரத்தைக் கையில் தந்தார். முதல் பக்கத்திலேயே சிவப்பு மை. விட்ட ஒற்றுகள், விடக்கூடாத ஒற்றுகள், ஓரத்தில் 'இதற்கு ஆதாரம்?', 'இது வாதமன்று, வசை'. எங்களுடைய கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவதுபோலவே திருத்தியிருந்தார். "கொப்பரிட்டைக் குடு தம்பி. ரெண்டாம் பதிப்புக்கு உதவும்."

காப்பாற்றினாரா, இன்னும் ஒரு முறை குத்தினாரா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று இப்போது படுகிறது. அந்த நகைச்சுவை இல்லாமல் அவரால் நல்லது செய்ய முடியாது.

அப்பா சத்தம் போடப்போகிறார் என்று நினைத்து, அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஒளித்துக்கொண்டேன். அவர் கடைசிப் பக்கம்வரை சிவப்பு மையைத் தொடர்ந்து போனார். பிறகு கோட்டைப் போட்டார், தொப்பியை வைத்தார், சைக்கிளை எடுத்தார். நாவலில் போதகரின் மூத்தவன் ஜோர்ஜ் லண்டனுக்குப் போய் எழுத்தாளனாகப் பார்ப்பான். விபரீதமான வாதங்களாகத் தேடி எழுதிப் புத்தகம் போட்டுவிட்டு எல்லாரும் பாய்ந்து வருவார்கள் என்று காத்திருப்பான். அறிஞர் உலகம் வாயே திறக்காது. திட்டக்கூட ஆளில்லை. அப்பாவின் துக்கமும் அதுதான் என்று அன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுப்பு எழுத ஒரு மனிதர் கிடைத்துவிட்டார், அதுவும் திருநீறு பூசிய மனிதர்! அதற்குப் பிறகு சனிக்கிழமை பின்னேரங்களில் மாஸ்ரர் வீட்டு விறாந்தையில் இரண்டு பேரும் இருட்டும்வரை வாதாடுவார்கள். வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது. சாப்பாட்டு ஜெபமும் சுருங்கியது என்று அம்மா சொல்லுவா. நான் அந்தத் தெருவால் போவதையே நிறுத்தி, சுற்றிக்கொண்டு ரியூசனுக்குப் போனேன்.

1985இல் நான் ஒல்லாந்தில் இறங்கினேன். ஏரோஃபுளொட் விமானம், கிழக்கு பெர்லின், மேற்கு பெர்லின் என்ற அந்தப் பாதையை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. அந்த வருடம் அங்கே தமிழருக்கென்று தனி ஏற்பாடு செய்திருந்தார்கள்: படுக்கை, குளிப்பு, பாண், கைச்செலவுக்குச் சிறு தொகை. வேலை செய்யக்கூடாது. தங்குவிடுதி ஒன்றில் நாலு பேருக்கு ஒரு அறை. சன்னலால் பார்த்தால் கால்வாயும் மழையும். ஒரு நாள் திடீரென்று ஜோர்ஜ் ஞாபகம் வந்தான். அவனும் கப்பல்காரர் ஒருவர் சொல்லைக் கேட்டு, ஒல்லாந்தருக்கு ஆங்கிலம் படிப்பித்துப் பிழைக்கலாம் என்று அம்ஸ்டர்டாமில் இறங்குவான். இறங்கிய பிறகுதான், அவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கத் தனக்கு முதலில் ஒல்லாந்து மொழி தெரியவேண்டுமே என்று விளங்கும். அங்கிருந்து லூவெயினுக்குக் கிரேக்கம் படிப்பிக்கப் போவான். அங்கே கல்லூரித் தலைவர், நான் கிரேக்கம் படிக்காமலே பட்டம் வாங்கினேன், கிரேக்கம் இல்லாமலே நன்றாகச் சாப்பிடுகிறேன், அது என்னத்துக்கு என்று கேட்பார். அறையில் இருந்த மற்றப் பெடியங்கள் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பயந்தார்கள்.

மாஸ்ரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்து சேர மாதங்கள் எடுத்தது. நீலத் தாளில் அதே எழுத்து. "ஜோர்ஜுக்கு: ஒல்லாந்து மொழி படிக்கத் தொடங்கினாயா? இல்லாவிட்டால் லூவெயின் பக்கத்தில்தான், கிரேக்கம் கேட்கமாட்டார்கள். அப்பா சுகம். ஆதாரம் காட்டாமல் பேசும் பழக்கம் மட்டும் போகவில்லை."

1986இல் அப்பா போய்விட்டார். கையில் கடவுச்சீட்டு இல்லை, வழக்கு முடியவில்லை, போகமுடியவில்லை. அங்கே நடந்ததைப் பிறகு அக்கா சொன்னா. எந்தச் சேமக்காலையில் வைப்பது என்று சவம் வீட்டில் இருக்கவே தர்க்கம். அம்மாவின் சபை தங்களுடையது என்கிறது. அப்பாவின் சகோதரர்கள் பரம்பரைச் சேமக்காலை என்கிறார்கள். அப்பாவின் சபையார் இரண்டு இடத்திலும் குருவானவர் அங்கியோடு வரக்கூடாது என்கிறார்கள். பெரியண்ணை எரிக்கச் சொல்கிறார். அப்போது மாஸ்ரர் வாங்கிலிருந்து எழும்பினாராம். "அவர் முழுக்கைப் பற்றித்தான் எழுதினவர். புதைக்கிறதைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை. நான் முழுக்க வாசிச்சனான். வேறை ஆராவது வாசிச்சிருந்தால் சொல்லுங்கோ." அந்த வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. பின்னேரமே அம்மாவின் சபைச் சேமக்காலையில் வைத்தார்கள்.

நான் அங்கே நின்றிருந்தாலும் பதில் சொல்லியிருக்க முடியாது. எத்தனையோ வருடம் அந்தக் கட்டுகளுக்கு மேலேதான் படுத்திருந்தேன்.

ஒல்லாந்துக் கடவுச்சீட்டு கிடைத்தபின், எங்கள் ஆட்கள் பலரைப்போல நானும் லண்டனுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாஸ்ரரைப் போய்ப் பார்க்கத் தடையாக ஒன்றும் இருக்கவில்லை. சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தபோது போகலாம் என்றிருந்தேன், பிள்ளைகளுக்குச் சோதனை. 2009இல் யுத்தம் முடிந்தபிறகு போகலாம் என்றிருந்தேன், எனக்கு முழங்கால். அவர் 1995 இடப்பெயர்வில் ஊரோடு தென்மராட்சிக்கு நடந்துபோய், அடுத்த வருடமே திரும்பி வந்து, அதே வாடகை வீட்டில் இருந்தாராம். கடைசிவரை வெள்ளிக்கிழமைகளில் அயல் பிள்ளைகளுக்கு எதையோ வாசித்துச் சொல்லுவாராம்.

பழைய மாணவர் சங்கம் அவர் பெயரில் ஆங்கில இலக்கியப் பரிசு ஒன்று வைக்கத் தீர்மானித்திருக்கிறது. என் பங்கைக் கட்டிவிட்டேன். கேடயத்துக்குப் பதிலாக அந்த நாவலையே பரிசாகக் கொடுங்கள் என்று கேட்டேன். கேடயம்தான் படத்தில் எடுப்பாக வரும் என்றார்கள்.

ஒரு வேண்டுகோள். 1995இல் எங்கள் வீட்டுக் கூரையோடு அப்பாவின் பிரசுரக் கட்டுகளும் போய்விட்டன. பரிசளிப்பு விழா வாசலில் அவர் கையிலிருந்து வாங்கி, மரியாதைக்கு மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்தவர்கள் யாராவது இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டி எதிலாவது ஒரு பிரதி கிடந்தால், சிவப்பு மை இல்லாததென்றாலும் பரவாயில்லை, மலர்க் குழுவினரிடம் அறிவியுங்கள். தபால் செலவு என்னுடையது. 25 சதத்தையும் தருவேன்.