என்-லிஸ்டில் சேர்ந்த கதை: மூன்று கொட்டேஷனும் 150 ரூபாயும்

தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கல்லூரிகளுக்கு ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் இணையம் வழியே தரும் திட்டம் என்-லிஸ்ட். 2017-இல் எங்கள் கல்லூரியை அதில் சேர்த்த கதையை மற்ற கல்லூரி நூலகர்கள் அவ்வப்போது போனில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

வேதியியல் துறையில்தான் ஆரம்பித்தது. ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு வெளிநாட்டு இதழ் வேண்டும் என்றார்கள். வழக்கமான ஏஜென்டிடம் விலை கேட்டேன். ஒரே ஓர் இதழுக்கு ஓராண்டுச் சந்தா லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு இதழ்களுக்கென்று எங்களுக்கு ஒதுக்கிய மொத்தப் பணமே அவ்வளவு இல்லை.

என்-லிஸ்ட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். குஜராத் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட், யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் மையம். நாட்டில் உள்ள கல்லூரிகள் அனைத்துக்குமாகச் சேர்த்து பதிப்பகங்களோடு பேரம் பேசுவது அவர்கள்தான். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் 2017-இல் கட்ட வேண்டியிருந்தது ஆண்டுக்கு 5,000 ரூபாய், வரி தனி. அதற்கு 6,000-க்கும் மேற்பட்ட இதழ்கள், லட்சத்துக்கும் மேலே மின்நூல்கள். 2010 மே மாதம் தொடங்கிய திட்டம் இது. முதல் சில ஆண்டுகள் இலவசமாகவே தந்தார்கள். அப்போது நாங்கள் சேரவில்லை. ஏன் என்று இன்றுவரை யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை.

இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை வாங்க என்ன தடை இருக்கும் என்று நினைத்துத்தான் கொள்முதல் குழுவுக்குக் குறிப்பு எழுதினேன். கணக்குப் பிரிவு சூப்பரிண்டென்டென்ட் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: மூன்று கொட்டேஷன் இணைக்கவும்.

நேரில் போனேன். "சார், இதை வேறு யாரும் விற்கவில்லையே, எங்கே போய் மூன்று வாங்குவது?"

"அது எனக்கும் தெரியுது மேடம். ஆடிட்டில் கேட்டால் நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் மேல் தப்பில்லை. நாற்காலி வாங்குவதற்கு எழுதிய விதியை வைத்து அவர் எதையும் அளந்தாக வேண்டும். கடைசியில் நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இதுதான்: விற்பவர் வியாபாரி அல்ல, யுஜிசியின் சொந்த மையம், கட்டணம் எங்களைப் போன்ற எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றே, வேறு வழங்குநர் இல்லை. கூடவே இன்ஃப்ளிப்நெட் இணையதளத்தில் இருந்த கட்டண விவரத்தையும் பக்கத்துக் கல்லூரி முந்தைய ஆண்டு பணம் கட்டிய ரசீதின் நகலையும் வைத்தேன். அந்த ரசீதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நீங்களும் முதலில் ஒரு பக்கத்துக் கல்லூரியைப் பிடியுங்கள்.

அடுத்தது 2(f), 12(B) சான்று. யுஜிசி சட்டத்தின் இந்த இரண்டு பிரிவுகளின் கீழ் அங்கீகாரம் இருந்தால்தான் இந்தக் கட்டணத்தில் சேர முடியும். எங்களுக்கு அங்கீகாரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கடிதம் எங்கே என்பது ஒருவருக்கும் தெரியாது. முதல்வர் அறை பீரோவில் இரண்டு நாள் தேடி, ஒரு பழைய கட்டட மானியக் கோப்புக்குள்ளிருந்து எடுத்தோம். மெல்லிய தாள், தட்டச்சு எழுத்து, மடிப்பில் கிழிசல். அன்றே ஸ்கேன் செய்து நான்கு இடத்தில் சேமித்து வைத்தேன்.

குழு மே மாதம் 5,750 ரூபாய்க்கு ஒப்புதல் தந்திருந்தது, அதாவது 15 சதவீத சேவை வரியோடு. பணம் அனுப்பும் நேரத்தில் ஜூலை பிறந்து, ஜிஎஸ்டி வந்து, வரி 18 சதவீதம் ஆகிவிட்டது. 5,900 ரூபாய். 150 ரூபாய்க்காகக் கோப்பு மறுபடி குழுவுக்குப் போனது. கையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன்; அதற்கும் விதியில் இடமில்லையாம். மூன்று வாரம் போயிற்று.

இதெல்லாம் பரவாயில்லை. நிஜமான வேலை பணம் கட்டிய பிறகுதான் வந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிக் கணக்கு. பெயர், துறை, மின்னஞ்சல் எல்லாம் எக்செல் கோப்பில் ஏற்ற வேண்டும். முதலாண்டு மாணவர்கள் கொடுத்த பட்டியலில் பதினொரு பேருக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி. விசாரித்தால், விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர் அண்ணனுடையது! ஆசிரியர்கள் சிலர் கடவுச்சொல் வரவே இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். ஸ்பேமில் கிடந்தது.

கூட்டாக வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. இது ஹோட்டல் முழுச் சாப்பாடு மாதிரி. பிடிக்காத பொரியலும் இலையில் விழும், கேட்ட கூட்டு வராது. வேதியியல்காரர்களுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதழ்கள் கிடைத்தன, மகிழ்ச்சி. பொருளியல் துறை இபிடபிள்யூவை, அதாவது 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழைப் பிடித்துக்கொண்டது. தமிழ்த்துறைத் தலைவர் வந்து உட்கார்ந்து, "எங்களுக்கு இதில் என்னம்மா இருக்கு?" என்றார். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் சங்க இலக்கியம், சோழர் வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடிக் காட்டினேன். இரண்டை அச்செடுத்துக் கொண்டார். மற்றபடி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் ஷோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகளையும் காட்டினேன். இரண்டுக்கும் சந்தாவே வேண்டாம். அவருக்கு அதுதான் பயன்பட்டது.

2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கிறது. அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய அரசே ஏற்கிறது. ஒருங்கிணைப்பது அதே இன்ஃப்ளிப்நெட். நண்பர் ஒருவர் அரசுக் கல்லூரி நூலகர். "இனி கொட்டேஷன் தொல்லை இல்லை" என்று போனில் சிரித்தார். "பட்டியல் தொல்லை?" என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்கு ஆண்டுதோறும் அதே வேலைதான். படிப்பு முடித்துப் போனவர்களை நீக்க வேண்டும், புதியவர்களைச் சேர்க்க வேண்டும். இந்த முறை எல்லாத் துறையும் பட்டியல் கொடுத்துவிட்டது, இயற்பியலைத் தவிர. நாளை மறுபடி அவர்களுக்கு போன் போட வேண்டும்.