வார்டுக்குப் போகிற பாட்டுகள்

மார்ச் 2

கேசட்டுப் பெட்டி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வார்டில் இருக்கும் அண்ணன் கேட்ட பாட்டுகளில் பாதி இதில்தான் இருக்கிறது. பல கேசட்டுகளில் நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பூஞ்சை. இந்தச் சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு, மூடிய அலமாரியில் கிடந்த எதுவும் தப்பாது. பூஞ்சை பிடித்ததை அப்படியே டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், போடக் கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, நூல் உதிராத காய்ந்த துணியை நாடாமேல் லேசாகப் பிடித்து, கையால் மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும்.

உள்ளே ஸ்பிரிங் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத்துண்டையும் பார்க்கணும். அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டோடு படியாது. குரல் போய்ப் போய் வரும். பாட்டே கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பஞ்சை மாற்றினால் போதும்.

மார்ச் 3

அண்ணனின் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமையாம்.

மார்ச் 4

வானொலியில் பிடித்த கேசட். 'ஜானி' (1980) படத்துக் 'காற்றில் எந்தன் கீதம்'. அத்தை இரண்டு வரி கேட்டதுமே, "இது ஜானகி குரலே இல்லப்பா, யாரோ சின்னப் பொண்ணு பாடுது" என்றார். அத்தை காது சரி. பதிவு செய்த டெக் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இப்போது வேகமாக ஒலிக்கிறது.

எவ்வளவு வேகம் என்று காதால் ஊகிக்க வேண்டியதில்லை. நாடாவிலேயே சாட்சி இருக்கிறது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய பதிவுகளில் அந்த ரீங்காரம் அடியில் படிந்திருக்கும், அதன் மடங்குகளான 100, 150லும் தெரியும். 150ல் பார்ப்பது நல்லது, வித்தியாசம் மும்மடங்காகத் தெரியும். பாட்டு தொடங்கும் முன் உள்ள அமைதியான துண்டை எடுத்து அலைவரிசைப் படத்தில் போட்டால் இரண்டு கோடுகள் வரும். ஒன்று சரியாக 150: அது இப்போது ஓடும் டெக்குடையது, கேசட்டை நிறுத்தினாலும் மறையாது. மற்றது 154.5: அதுதான் நாடாவுக்குள் இருப்பது. 3 விழுக்காடு வேகம். அதற்காக 3ஐக் கழிக்கக் கூடாது. 150ஐ 154.5ஆல் வகுத்தால் 0.971, ஆக 2.9 விழுக்காடு குறைக்கணும். வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும் முறையில்தான் குறைக்கணும், சுருதியை மட்டும் இறக்கினால் தாளம் அவசரமாகவே இருக்கும்.

3 விழுக்காடு சின்னக் கணக்கு இல்லை. ஏறக்குறைய அரை ஸ்வர இடைவெளியில் பாதி. ஐந்து கட்டைச் சுருதியிலும் சேராது, ஐந்தரையிலும் சேராது. கூடவே பாடிப் பார்க்கிறவருக்கு எங்கேயும் பிடி கிடைக்காது. அண்ணன் கூடவே பாடுவார்.

மார்ச் 5

மாமாவும் மச்சானும் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் மோதிக்கொண்டார்கள். 1959ல் வந்த ஜாஸ் இசை 'டேக் ஃபைவ்' நம் கர்நாடகத் தாளமான கண்ட சாப்புதான் என்கிறார் மச்சான். மாமா மேசையைத் தட்டிக் காட்டினார்: கண்ட சாப்பு 'தக தகிட', இரண்டும் மூன்றும். இந்தப் பியானோ 'தகிட தக', மூன்றும் இரண்டும். எண்ணிக்கை ஒன்று, நடை வேறு. கண்ட சாப்புத் தட்டில் கேட்டால் பியானோ எப்போதும் ஓர் எண்ணிக்கை தள்ளியே விழுகிற மாதிரி இருக்கும். ஒன்றிலும் நான்கிலும் தட்டினால் உடனே பொருந்திவிடும்.

மச்சான் விடவில்லை, ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் 'மணி'யை (1973) போட்டார். ஏழு எண்ணிக்கை. மாமா அதற்கான மிஸ்ர சாப்புத் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். கிட்டார் தனியாக வரும் இடத்தில் பாட்டு நான்குக்கு மாறுகிறது, அங்கே மாமாவின் கை நின்றது. "அடப்பாவி, நல்லா இருக்கே!" என்றார். இரண்டும் பட்டியலில் சேர்ந்தன.

மார்ச் 7

வெள்ளி. இன்னும் சொல்லவில்லை. திங்கள் என்கிறார்கள்.

மார்ச் 8

பட்டியலை வகைவாரியாகப் பிரிப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. கர்நாடகம் ஒரு பக்கம், ராக் ஒரு பக்கம் என்று அடுக்கினால் படுத்திருப்பவருக்கு அரை மணியில் அலுத்துவிடும். ஸ்வரத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து அடுக்கணும்.

இன்று அதற்கு நல்ல சான்று கிடைத்தது. கீழ்வீட்டு ஆன்ட்டி குஜெங் என்ற சீனத் தந்தி வாத்தியம் வாசிப்பவர். 21 தந்தி, வழக்கமாக டி சுருதியில் ஐந்து ஸ்வரங்கள் மட்டும்: ச ரி க ப த. நம் மோகன ராகம் அப்படியே தந்தியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் சித்ரா பாடிய 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைக் கேட்டதும் ஆன்ட்டி தொடக்கத்தைத் தேடி எடுத்துவிட்டார். எல்லா ஸ்வரமும் சரி. ஆனாலும் மோகனமாகக் கேட்கவில்லை.

காரணம் கமகம், ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் விதம். குஜெங்கில் தந்தியைத் தாங்கும் குதிரைக்கட்டைக்கு இடப்பக்கம் தந்தியை அழுத்தினால் ஸ்வரம் மேலேதான் போகும், கீழே போகாது. மேலிருந்து இறங்கி வரவேண்டிய இடத்தில், மீட்டும் முன்பே தந்தியை அழுத்திப் பிடித்து, மீட்டியபின் விடணும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் பாடிக் காட்ட, ஆன்ட்டி அழுத்தி, விட்டு, அழுத்தி... கடைசியில் ஒரு பிடி வந்தது. "ஆ, அதுதான்!" என்று அத்தை கத்திவிட்டார். பதிவு செய்தாச்சு. அசல் பாட்டுக்கு அடுத்து இது போகும்.

மார்ச் 9

தம்பியின் உறுமி மேளம். தைப்பூசத்தில் கைப்பேசியில் எடுத்தது. 2016 முதல் ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி உண்டு, அப்படி ஓரிடத்தில் எடுத்திருக்கிறான். மேளத்துக்கு மிக அருகில் நின்றதால் ஒலி உடைந்திருக்கிறது. உடைந்ததை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் உறுமல்தான் அதன் உயிர், அங்கேதான் உடைந்திருக்கிறது. நாலைந்து மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்தது வேறு ஏதாவது இருக்கா என்று கேட்டிருக்கிறேன்.

காதுக்குள் அடைத்து உட்காரும் இயர்போன்தான் வேண்டும். வெளியே தொங்கும் வகையில் உறுமியின் அடிச்சத்தம் காதுக்கே வராது. எல்லாப் பாட்டையும் ஒரே அளவு ஒலிக்கு, ஒலியின் உரப்பை அளக்கும் எல்யூஎஃப்எஸ் கணக்கில் மைனஸ் 18க்கு, கொண்டுவந்துவிடணும். இல்லையென்றால் 1960ஆம் ஆண்டுப் பாட்டுக்கு ஒலியைக் கூட்டி வைத்திருப்பார், அடுத்து புதுப்பாட்டு வந்து தூக்கிவாரிப்போடும். கையில் டிரிப் இருக்கும்போது எழுந்து குறைக்க முடியாது.

மார்ச் 10

நாளைக்காம். மறுபடியும்.

மார்ச் 11

எதுவும் பிடிக்கவில்லை இன்று. கீரவாணி ராகம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மெட்டல் கேட்கும் அக்கா மகன் கிட்டாரில் அதே ஸ்வரங்களை ஓட்டிக் காட்டினான், அவர்கள் ஹார்மோனிக் மைனர் என்பார்கள். தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் அரை ஸ்வர இடைவெளி மூன்று சேர்ந்த அகலம். அந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் நெஞ்சு இழுபடுகிறது, ஜானகி பாடினாலும் சரி, டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரானாலும் சரி.

மார்ச் 12

மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியின் 'கெத்தாரான் ஜிவா'. 1960. நம்ம பாலஸ்டியர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ காலத்துப் பாட்டு. இதை உறுமிக்கு முன்னால் வைக்கவே கூடாது. பின்னால்.

மார்ச் 13

அண்ணனே போன் செய்தார். முடிவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஐந்து எண்ணிக்கையில் தமிழ்ப்பாட்டு ஒன்றுகூட இல்லையா என்று கேட்டார். மாமா தேடுகிறார். 'ஜானி' கேசட்டின் மறுபக்கத்துக்கு ஹெட் சாய்வைத் திரும்பச் சரிசெய்யணும். மோனோவில் கேட்டுக்கொண்டே இடப்பக்கத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, 'ஸ', 'ச' எழுத்துகள் கூர்மையாகும் வரை திருப்பணும்.