காணாமல் போன 'மட்டும்'

மார்ச் 4

நேற்றைய கருத்தரங்கில் நான் சொன்னது இதுதான்: "தேர்வு மட்டும் மாணவரின் திறமையைக் காட்டிவிடாது." எனக்கு அடுத்து பேசியவர் மைக்கைப் பிடித்ததுமே, "தேர்வே வேண்டாம் என்கிறார் நண்பர்" என்று ஆரம்பித்தார். கைதட்டல். அப்புறம் பத்து நிமிடம் தேர்வே இல்லாத உலகத்தைப் போட்டுத் துவைத்தார். அந்த உலகத்தில் குடியிருக்க எனக்கும் விருப்பமில்லை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. 'மட்டும்' போய், அந்த இடத்தில் ஓர் ஏகாரம் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

மார்ச் 5

தூக்கம் வரவில்லை. நம் 'என்று' கொஞ்சம் பொல்லாத சொல். 'வர மாட்டேன் என்று சொன்னார்' என்றால், அது அவர் வாயிலிருந்து வந்ததா, கேட்டவர் புரிந்துகொண்டதா? "பார்க்கலாம்" என்று அவர் இழுத்திருப்பார். அதுவும் இந்த 'என்று'வுக்குள் அடங்கிவிடும்.

மேற்கோள் குறி போட்டால் தப்பிக்கலாமா? அன்று மேடையில் இன்னொருவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்தேர் பெயரைச் சொல்லி, "நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்றார். வால்தேர் இறந்தது 1778-இல். அந்த வரியை எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால், 1906-இல். வால்தேருடைய மனப்போக்கை அந்த அம்மையார் தம் சொற்களில் சுருக்கி, மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டார். இன்றுவரை அது வால்தேர் கணக்கில்தான் இருக்கிறது. புகழ்ச்சியானாலும் திரிபு திரிபுதானே?

மார்ச் 7

பதில் கட்டுரை எழுதினேன். முதல் வரி: "மதிப்பெண்தான் மனிதன் என்று நம்புகிறவர்களுக்கு..." மகள் படித்துவிட்டு, "அவர் அப்படிச் சொன்னாராப்பா?" என்றாள்.

சொல்லவில்லை. ஆதரவில்லாத பிள்ளை சிபாரிசு இல்லாமல் மேலே வர இருக்கும் ஒரே கதவு தேர்வுதான் என்றார். நல்ல வாதம். என்னிடம் முழுப் பதில் இல்லை. அதனால்தான் அதை விட்டுவிட்டு, அடிக்க வாகாக ஓர் ஆளை நானே நிறுத்தியிருக்கிறேன். கட்டுரையைக் கிழித்தேன்.

மார்ச் 8

நூல் எழுதுகிறவர் கருத்துகளைக் கையாளும் ஏழு வழிகளை நன்னூல் 'எழுவகை மதம்' என்கிறது. அவற்றில் ஒன்று, 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு'. எதிராளியின் கொள்கையை முதலில் தான் ஏற்றுச் சொல்லி, பிறகு களைவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியும் அப்படித்தான் நடக்கிறது: முதலில் கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதன் மதம், அடுத்து அதன் மறுப்பு. உலகாயதர்கள் படித்திருந்தால் "ஆமாம், இதுதான் நாங்கள்" என்று தலையாட்டியிருப்பார்களா? அவர்களுடைய சொந்த நூல்கள் அநேகமாக இன்று இல்லை. எதிராளிகள் எழுதிவைத்ததைக் கொண்டுதான் அவர்களை அறிகிறோம். அவர்களிடம் கேட்க வழியில்லை. என் எதிராளிக்கு போன் இருக்கிறது.

மார்ச் 10

பேசினேன். அவர் வாதத்தை நான்கு வரியில் எழுதி வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மூணாவது வரி நான் சொன்னதில்லை சார். 'ஒரே கதவு'ன்னு சொல்லலை. 'இப்போதைக்கு இருக்கிற கதவு'ன்னுதான் சொன்னேன்."

'ஒரே'யை அடித்தேன். பிறகு நான் 'மட்டும்' கதையை எடுத்தேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"'மட்டும்'னா சொன்னீங்க? எனக்குக் கேட்கலையே."

சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றைய ஒலிப்பதிவு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.