இறக்கிய எடையை நிறுத்தி வைத்தல்: செங்கோட்டை நாட்குறிப்பு

19 ஜூலை 2025, சனி

சாரல் விடாமல் பெய்வதால் குண்டாறு அணைச் சாலையில் காலை நடை இந்த வாரம் கூடவில்லை. பிரானூரில் நான் கணக்கெழுதும் மர அறுவை ஆலையின் கொட்டகைக்குள், தேக்குத் தடிகளுக்கு நடுவே, ரம்பம் ஓடத் தொடங்குமுன் முக்கால் மணி நேரம் நடந்துகொண்டேன். எடை 77.6 கிலோ. சர்க்கரை நோய் என்று தெரிந்த காலத்தில் 94 கிலோ இருந்தேன். எச்பிஏ1சி என்னும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அப்போது 9.1.

எடையை இறக்கியபோது இருந்த வேகமும் பாராட்டும் இப்போது இல்லை. தராசு முள் அசையாமல் இருப்பதுதான் இனி வேலை, அதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை. உடம்பும் சும்மா இருப்பதில்லை. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் கிரெலின் கூடியும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் குறைந்தும் இருந்தன. எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு என்பதால், பசி கூடுகிற அதே நேரத்தில் தேவையான சோறு குறைகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சாயங்காலம் வயிறு கேட்கும்போது என் மனவுறுதியைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன்.

24 ஜூலை, வியாழன்

டீக்கடையில் பழைய லாரி ஓட்டுநர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஒடம்பு இப்படி வத்திப்போச்சு? சுகர் கூடிட்டா?" என்று கேட்டார். நம் பக்கத்தில் மெலிந்தவனை நோயாளியாகவே பார்ப்பார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்தே பழைய உடம்புக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன்.

கேள்வியில் அடிப்படை இல்லாமலும் இல்லை. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்க முடியாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது; இன்சுலின் போதாதபோது கொழுப்பும் தசையும் கரைகின்றன. அப்படி மெலிவது முன்னேற்றம் ஆகாது. ஆகவே உணவையும் நடையையும் மாற்றாமலேயே எடை இறங்கினால், தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து வந்தால், மகிழாமல் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் டீக்கடையில் விளக்க முடியுமா? "கூடல, கொறஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லி, சீனி போடாத டீயை வாங்கிக்கொண்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் எனச் சோற்றிலேயே நான்கு வகை. வீட்டில் எனக்கென்று சுண்டலும் வெண்டைக்காய்ப் பொரியலும் கூடுதலாகச் செய்திருந்தார்கள். அவற்றால் தட்டில் பாதியை நிரப்பிய பின்னரே சோற்றுக்கு இடம் கொடுத்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

பரிசோதனை முடிவு வந்தது: எச்பிஏ1சி 6.3. மருத்துவருடன் இன்று நிதானமாகப் பேச முடிந்தது.

எடை குறைந்துகொண்டிருந்தபோதே அவர் கிளிமெபிரைடு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தியது எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறது. 94 கிலோவுக்குச் சரியாக இருந்த அளவு, குறைவாகச் சாப்பிட்டு அதிகம் நடக்கிற உடம்பில் சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளக்கூடும். கை நடுங்கி வியர்த்தால் 15 கிராம் சர்க்கரையைச் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பதே முறை. அது அடிக்கடி நேர்ந்தால், மாத்திரை இறக்கிய சர்க்கரையை ஈடுகட்டுவதற்காகவே தின்றுகொண்டிருப்போம்; எடை ஏறாமல் என்ன செய்யும்? நாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, எடை மாறியதை மருத்துவரிடம் சொல்லாமல் பழைய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டிக்கொண்டிருப்பதும் ஆபத்து.

நோய் தணிந்த நிலையில் இருக்கிறேனா என்று கேட்டேன். 2021-இல் வல்லுநர்கள் வகுத்த வரையறைப்படி, சர்க்கரை மருந்துகளை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பின்னும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். நான் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையை இன்னும் எடுப்பதால் கணக்கில் வரமாட்டேன். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் முதல் ஆண்டில் 46 விழுக்காட்டினர் அந்த நிலையை எட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 ஆயிற்று. நழுவியவர்கள், நிலைத்தவர்களைவிடச் சராசரியாக அதிக எடையைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்தப் பத்து விழுக்காட்டைப் பற்றித்தான் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

இந்த ஆண்டு பேச்செல்லாம் எடை குறைக்கும் வாராந்திர ஊசியைப் பற்றியே இருப்பதால் அதையும் கேட்டேன். செமாக்ளூடைடு ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஊசியும் நீண்டகால மருந்துதான், எனக்கு இப்போது தேவையில்லை என்றார். 170 செ.மீ. உயரத்துக்கு 77 கிலோ என்பது இந்தியர்களுக்கான உடல் நிறைக் குறியீட்டின்படி இன்னும் அதிகமே. ஆனால் 60 வயதில் மேலும் குறைக்க முயன்று தசையை இழப்பதைவிட, இடுப்பளவை 92-லிருந்து ஆண்களுக்கான வரம்பாகிய 90 செ.மீட்டருக்குக் கொண்டுவருவது நல்லது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

23 ஆகஸ்ட், சனி

குற்றாலத்தில் இன்னும் சீசன் கூட்டம். ஆலையிலிருந்து வெளியே வந்தால் பரோட்டாக் கடை வாசலில் வெளியூர் வண்டிகள். சுட்டெடுத்த உள்ளங்கை அகலப் பரோட்டாக்களைக் கல்லின் ஓரத்தில் அடுக்கி, இரு பக்கமும் கையால் அடித்து மடிப்புகளை உதிர்க்கும் சத்தம் சாலைக்கே கேட்கிறது. அந்த மடிப்பு ஒவ்வொன்றிலும் எண்ணெய் இருக்கிறது. இங்கே பிழைப்பு நடத்திக்கொண்டு பரோட்டாவைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்பவன் ஆறு மாதம் தாங்கமாட்டான் என்பது என் அபிப்பிராயம். முதலில் கோழியும் வெங்காயமும், பிறகு இரண்டு பரோட்டா, சால்னா தொட்டுக்கொள்ள மட்டும். அன்றிரவு வேறு மாவுப்பண்டம் கிடையாது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் மட்டுப்படுகிறது என்பதை என் கருவியிலும் பார்த்திருக்கிறேன்.

5 செப்டம்பர், வெள்ளி

திருவோணத்துக்குப் புனலூரில் அக்கா வீடு. ஆரியங்காவு தாண்டியதும் கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் தேங்காயெண்ணெய் மணம். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அக்காவும் அத்தானும் அந்தக் கணக்கில் அடங்குவார்கள். அவியல், தோரன், ஓலன் ஆகியவற்றை நிறைய வாங்கிக்கொண்டு, மட்டை அரிசிச் சோற்றை ஒரே தடவையோடு நிறுத்தினேன். மட்டை அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று இரண்டாம் முறை போட வந்தார் அத்தான். எந்த அரிசியானாலும் அளவு அளவுதான். பருப்புப் பிரதமன் என்னும் பாயசம் அரைக் கிண்ணம் குடித்தேன், பாலடைப் பாயசத்தைத் தவிர்த்தேன். "ஒரு கரண்டியில என்ன வந்துரும்?" என்று அக்காவுக்கு வருத்தம். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 168.

7 செப்டம்பர், ஞாயிறு

எடை 79.2. எனக்கு நானே வைத்திருக்கும் எல்லை 79. எங்கள் எடைமேடையில் ஒரே லாரி டீசல் நிரப்பி வந்தால் ஒரு காலி எடையும் தீர்ந்து வந்தால் வேறொரு காலி எடையும் காட்டுவது போல, விருந்தின் உப்பும் அது பிடித்துவைத்த நீரும் இதில் இருக்கும். ஆகவே பட்டினி கிடக்கப் போவதில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

78.3. நீர் இறங்கிவிட்டது, ஆனால் ஜூலையைவிட 700 கிராம் கூடுதல். இது சாரல் மாதங்களில் நடை குறைந்ததன் விளைவாக இருக்கலாம். இரவு மூன்று தோசையை இரண்டாக்கி, கூட ஒரு முட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொட்டகையில் கிடக்கும் ஐந்து கிலோ மரத்துண்டுகள் இரண்டைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், நவம்பர் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருக்கிறார் மருத்துவர்.