இரண்டு குடைகளின் அகலம்

பதினோரு வருடமாக மலையகத்துச் சிறு நகரம் ஒன்றில் வீதிகளுக்கு வரைபடம் போடுகிறேன். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எதை எடுத்தாலும் எங்கள் டவுன்கள் பிரதான வீதியை ஒட்டியே வளர்ந்தவை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நடுவில் கிடைக்கிற இடத்தில்தான் பஸ், லொறி, ஆட்டோ, கடை, சனம் எல்லாம். வீதியை அகலமாக்கச் சொன்னால் முதல் வெட்டு நடைபாதைக்குத்தான். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன்.

தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகு வந்த ஒரு ஞாயிறு, வாகனம் எண்ண அனுப்பினார்கள். படிவத்தில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. நடப்பவர்களுக்குக் கட்டமே இல்லை. தெரு நிறைய அவர்கள்தான்.

நல்ல மழை. வீதியோரக் கான், அதாவது வடிகால் மேல் போட்டிருந்த ஸ்லாப் ஒன்று உடைந்து கிடந்தது. ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, கையில் கோதுமை மா பை, தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிய குடை. எதிரே இன்னொரு குடை வந்ததும் அவர்தான் வீதியில் இறங்கினார். பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்தது, பிள்ளை வீறிட்டது. என் குடையை விரித்து டேப்பால் அளந்தேன்: ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேல். கடைச் சாமானும் மின்கம்பமும் போக நடைபாதையில் மிஞ்சியது 80 சென்டிமீற்றர்.

கடவையிலும் இதே கதைதான். ஒருவர் விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. ஏழு மீற்றர் வீதிக்கு ஆறு விநாடி போதும். கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு அம்மாவுக்குப் பதினான்கு விநாடி ஆனது. முழங்கால் வலியா என்று கேட்டேன்.

"மலை ஏறுன காலுதான் தம்பி. இந்த ரோட்டக் கடக்கத்தான் பயமா இருக்கு."

அன்றிரவே வரைபடத்தைத் திருத்தினேன். பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீற்றர்தான். மூன்றரை மீற்றர் வாகனத் தடத்தை மூன்று மீற்றராக்கினால் பக்கத்துக்கு அரை மீற்றர் நடைபாதைக்கு வரும். தடம் ஒடுங்கினால் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். 50 கிலோமீற்றர் வேகம் 30 ஆனால் மோதலின் சக்தி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். பஸ் தரிப்பிடத்து வளைவையும் இறுக்கினேன். அந்த வளைவு அகலமாக இருப்பதால்தான் வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன.

வண்டி நிற்க இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள் கடைக்காரர்கள். 1962இல் கோப்பன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் தெருவில் கார்கள் வராமல் தடுத்தபோதும் அங்குள்ள வியாபாரிகள் அதற்குத்தான் பயந்தார்கள், வியாபாரம் படுக்கவில்லை. கோப்பன்ஹேகன் எதற்கு, சம்பள ஞாயிறில் நம் கடைகளில் சாமான் வாங்குவது யார்? பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கிறவர்கள்தானே?

கடைசியில் ஸ்லாப் மாற்ற மட்டும் பணம் ஒதுக்கினார்கள். சரி, கானுக்குள் கால் போகாது. வளைவு அப்படியே இருக்கிறது, வரைபடம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் பேனாவால் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.